பூஜையில் வைத்த ப்ளோலாம்ப்

போன மாதம் மெக்கானிக் சங்கத்திலிருந்து மூன்று பேர் திருநகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். சங்க அறையில் போர்மன் சாலமனின் படத்தை மாட்டியிருக்கிறார்களாம். நான் வந்து மாலை போட வேண்டுமாம். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையும் எழுதித் தர வேண்டுமாம். அவரிடம் வேலை பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். அதனால் வந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் என் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள்?

படத்துக்குக் கீழே ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"எழுதியிருக்கோம் ஐயா. 'வாழ்நாளில் ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவிடாதவர்'னு."

"யாரு சொன்னது?"

"நீங்க சொன்னதாத்தான் எங்க அண்ணன் சொன்னாரு."

நான் சொல்லவே இல்லை. சொல்லியிருக்கவும் முடியாது. ஒரு வண்டியில் ஒழுகியது. அதில் ஒருவருக்கு வேலை போயிற்று, அந்த வேலை இன்னொருவனுக்குக் கிடைத்தது. போனது சாலமனுக்கு. கிடைத்தது எனக்கு. அதில் யார் தப்பு எவ்வளவு என்று முப்பது வருஷத்துக்கு மேலாக யோசிக்கிறேன். விளங்கவில்லை. எழுதிப் பார்த்தால் விளங்குமோ என்னவோ. அதற்காகத்தான் எழுதச் சம்மதித்தேன்.

என் தொழிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு ஊர் வில்லாபுரம். அப்போது அது கிராமம். மேலவெளி வீதியில் இருந்த ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தேன். ஒரு வருஷம் பாகம் கழுவினேன். இரண்டு வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்தேன். பிறகு ஸ்பானரைக் கையில் கொடுத்தார்கள். எல்லோரையும்போலத்தான். அந்தக் காலம் பொற்காலம் என்று என்னிடம் யாரும் சொல்ல வர வேண்டாம். பாதி நாள் கையில் தோல் இருக்காது. இன்றைக்கு ஒரு ரப்பர் ஹோஸை எடுத்து இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். நல்லதுதான். அது அன்றைக்கே இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

சாலமன் பட்டறைக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சலவைக் காக்கிச் சட்டை, பையில் வெள்ளைக் கைக்குட்டை. இன்னொரு பையில் சொந்த ஸ்பானர் ஒன்று இருக்கும். அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அதை யாரிடமும் கொடுக்க மாட்டார். பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, அதுவும் ஒன்று வைத்திருந்தார். எஞ்சினுக்குப் பின்னால் கண் போகாத இடத்தில் இருக்கும் நட்டை அதை விட்டுத்தான் பார்ப்பார்.

குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக "குருசாமி, இங்க வா" என்பார். "மிஸ்டர் குருசாமி, கொஞ்சம் இப்படி வர்றீங்களா" என்றால் அன்றைக்கு நான் செத்தேன் என்று அர்த்தம். கூட வேலை பார்த்த வெள்ளைச்சாமி தூரத்திலிருந்தே கேட்பான்: "என்ன மாப்ள, இன்னைக்கு மிஸ்டர் ஆயிட்டியா?"

எண்ணெய்க் குழாய் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. குழாயின் முனை போய் உட்கார வேண்டிய இடத்தில் தானாக உட்கார வேண்டும். அதன் மேல் வரும் நட்டு வெறும் விரலால் கடைசிவரை ஏற வேண்டும். ஸ்பானர் கடைசிக் கால் திருகுக்கு மட்டும். எட்டாத குழாயை நட்டைப் போட்டு முறுக்கி இழுத்து உட்கார வைத்தால், அன்றைக்கு ஒழுகாது. ஆனால் குழாய் விறைத்த நிலையில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஏற்படும் அதிர்வில், முனையை ஒட்டிய கழுத்தில் கீறல் விடும். "இழுத்துக் கட்டுன குழாய் என்னைக்கு இருந்தாலும் ஓடிப்போயிடும்" என்பார். நான் குழாய் மாட்டும்போது என் ஸ்பானரை வாங்கி முக்காலியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். விரலால் ஏறிய பிறகுதான் எழுந்திருப்பார். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அப்படி உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. அவருக்கும் வலித்திருக்கும்தானே? சொல்ல மாட்டார்.

இப்போது அந்த வண்டிக்கு வருகிறேன். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின வருஷமோ அதற்கும் முந்தினதோ, சரியாக நினைவில்லை. போடி மலையில் ஏலக்காய் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் மதுரையிலும் வீடு வைத்திருந்தார். எஸ்டேட்காரர் என்றே சொல்வோம். அவரிடம் சீமையிலிருந்து கப்பலில் வந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. பச்சை நிறம். மேலே கூரை கிடையாது. இரண்டு பேருக்குமேல் உட்கார முடியாது. எஞ்சின் மூடியைத் தோல்வாரால் கட்டியிருக்கும். ரோட்டில் போனால் வண்டி வருவதற்கு முன்னால் சத்தம் வரும்.

அந்த எஞ்சினில் எண்ணெய்க் குழாய்கள் வெளியே இருந்தன. அடியில் ஒரு பம்ப். அதிலிருந்து கட்டைவிரல் பருமனுக்கு ஒரு செம்புக் குழாய் கிளம்பி, ஸ்டியரிங் தண்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மூன்று வளைவு வளைந்து மேலே, வண்டியின் முன்சுவரில் பொருத்தியிருக்கும் வடிகட்டிக்குப் போகும். அங்கிருந்து ஒரு கிளை தலைப்பகுதிக்கு. பென்சில் ஈயம் மாதிரி மெல்லிய குழாய் ஒன்று ஓட்டுகிறவர் முன்னால் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தக் கடிகாரத்துக்கு. பெரிய குழாய் போயிற்றென்றால் எல்லாம் போயிற்று. பேரிங்கில் ஊற்றியிருக்கும் வெள்ளீயம் ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் உருகிவிடும்.

அந்தப் பெரிய குழாய் கல் அடித்து நசுங்கி வந்தது. எஸ்டேட்காரர் எஞ்சினையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடச் சொன்னார். சீமையிலிருந்து குழாய் வர மூன்று மாதம் ஆகும். அவருக்கு விஜயதசமியன்று வண்டி வேண்டும். அன்றைக்கு எஸ்டேட்டில் புதிதாகக் கட்டிய ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைக்குத் திறப்பு. விடியுமுன் கிளம்பி இந்த வண்டியில்தான் போய் இறங்குவாராம். பத்து நாள் இருந்தது. நாமே செய்துவிடலாம் என்று சாலமன் சொன்னார். என்னைச் செய்யச் சொன்னார்.

எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன். மலரைப் படிக்கிறவர்களுக்கு அதாவது உபயோகப்படட்டும். முதலில் தடித்த இரும்புக் கம்பியை வண்டியிலேயே வைத்து, குழாய் போகிற பாதை முழுக்க வளைத்து மாதிரி எடுப்போம். பிறகு செம்புக் குழாயைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவோம். எஃகை அப்படிச் செய்தால் விறைக்கும். செம்பு இளகும். இளகிய குழாய்க்குள் வைகை மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து, சூடு ஆறியதும் கொட்டி இரண்டு பக்கமும் மரக்கட்டை அடிப்போம். மணலில் ஈரம் இருந்தால், சூடு காட்டி வளைக்கும்போது ஆவியாகிக் கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். ஒருமுறை வெள்ளைச்சாமியின் காதை உரசிக்கொண்டு போனது. மணல் இல்லாமல் வளைத்தால் வளைவில் குழாய் சப்பிப்போகும். வளைத்த பிறகு மணலைக் கொட்டி, மண்ணெண்ணெயில் மூன்று தடவை கழுவி, சாக்கடை முனையில் நின்று வாயால் ஊதிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் முனைகளில் நட்டு பிடிக்கும் பித்தளை மூக்கைப் பற்றாசு உருக்கிப் பற்ற வைக்க வேண்டும். பற்றாசு நகைக்காரர்கள் உபயோகிப்பது. தெற்காவணி மூல வீதியில் சாலமனே போய் வாங்கி வருவார். ஈயப் பற்று அந்த அதிர்வில் நிற்காது.

முதல் குழாய் வளைவில் சப்பிவிட்டது. இரண்டாவதில் நடு வளைவு ஸ்டியரிங் தண்டில் இடித்தது. "மிஸ்டர் குருசாமி, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அடுப்பு ஊதுங்க" என்றார். வெள்ளைச்சாமி ஒரு வாரம் என்னை அடுப்பூதி என்று கூப்பிட்டான். மூன்றாவது குழாய் நன்றாக வந்தது. முனைகளைப் பற்ற வைத்து முடிக்கும்போது ஆயுத பூஜையன்று காலை மணி ஒன்பது.

இதில் ஒரு தப்பு நடந்திருந்தது. என் தப்புதான். நான் கம்பி மாதிரி எடுத்தபோது எஞ்சின் சட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. அடிப் போல்ட்டுகளை யாரும் முறுக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வெள்ளைச்சாமி அவற்றை முறுக்கினான். எஞ்சின் ஒரு நெல் கனம் கீழே இறங்கிவிட்டது. போல்ட்டை முறுக்கிய பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாதிரி எடுத்தபோது பக்கத்தில் நின்ற சாலமனுக்கும் தோன்றவில்லையா, அல்லது தோன்றியும் சொல்லாமல் விட்டாரா? இதுவும் எனக்கு விளங்காதவற்றில் ஒன்று.

பத்து மணிக்குக் குழாயை மாட்ட ஆரம்பித்தேன். மேல்முனை விரலில் ஏறியது. சாலமன் ஸ்பானர் மேலிருந்து எழுந்து தலையை ஆட்டினார். கீழ்முனை நட்டை இரண்டு புரி ஏற்றியிருப்பேன். ஐயர் வந்துவிட்டார். முதலாளி, "எல்லாச் சாமானையும் கொண்டாந்து வைங்கப்பா, ராகுகாலத்துக்கு முன்னாடி முடிக்கணும்" என்று அவசரப்படுத்தினார். ஸ்பானர், சுத்தியல், அரம், பட்டறைக் குறடு, மண்ணெண்ணெயில் தீ பீய்ச்சும் ப்ளோலாம்ப் விளக்கு எல்லாவற்றையும் துடைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். சந்தனம், குங்குமம் வைத்தோம். ப்ளோலாம்ப் உயரமாக இருந்ததால் அதன் கழுத்தில் பூவும் சுற்றினான் வெள்ளைச்சாமி. அப்படி வைத்தால் மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்த பிறகுதான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது. பட்டறையில் மட்டுமல்ல, அன்றைக்கு ஊரில் எந்தக் கொல்லனிடமும் தட்டானிடமும் போய்ச் சுத்தியல் கேட்க முடியாது.

சாலமன் வருஷாவருஷம் பூஜைக்கு வருவார். வாசல் தூண் பக்கத்தில் நிற்பார். கிறிஸ்தவர், அதனால் கும்பிட மாட்டார். முடிந்ததும் பொரிகடலையைக் கைக்குட்டையில் வாங்கி முடிந்துகொண்டு பிள்ளைகளுக்குக் கொண்டுபோவார். அவர் ஸ்பானரைப் பூஜையில் வை என்று யாரும் கேட்டதில்லை. அவரும் வைத்ததில்லை.

பூஜை முடிந்து பொரி கொடுக்கும்போது எஸ்டேட்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தான். ஐயா நாலு மணிக்கே வந்து வண்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறாராம், விடியக் கிளம்ப வசதியாக இருக்குமாம். முதலாளி என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, வண்டி ரெடிதானே?"

"ஒரு நட்டுத்தான் முதலாளி. கீழ்முனை."

"ஒரு நட்டுக்கா இம்புட்டு நாள்? போர்மன், என்னன்னு பாருங்க."

சாலமன் பொரி முடிச்சை ஜன்னலில் வைத்துவிட்டு, பையிலிருந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். நானும் குனிந்தேன். நட்டு விரலில் ஏறவில்லை. குழாயின் முனை உட்கார வேண்டிய இடத்துக்கு ஒரு நெல் கனம் மேலே நின்றது. கண்ணாடியை விட்டுப் பார்த்தார். நட்டைக் கழற்றினார். மறுபடி ஏற்றினார். அதே இடத்தில் நின்றது.

"எஞ்சின் எறங்கியிருக்கு" என்றார். "கழுத்தை லேசா இளக்கி ஒரு நெல் கனம் தட்டினாப் போதும். கால் மணி நேர வேலை."

எழுந்து கையைத் துடைத்தார். இளக்க ப்ளோலாம்ப் வேண்டும். அது பூவோடும் குங்குமத்தோடும் சாமிக்கு முன்னால் நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு திரும்பினார். நான் அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். எனக்குப் பின்னால் வாசலில் முதலாளி பொரித் தட்டோடு நின்றார். வெள்ளைச்சாமியும் மற்றவர்களும் வாயில் பொரியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"எடுக்கலாமா?" என்றார் சாலமன்.

"வேண்டாம் சார். நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்" என்றேன்.

அவ்வளவுதான்.  சாலமன் நட்டுக்குத் தக்கபடி ஸ்பானரின் அளவைக் கூட்டினார். பிறகு வண்டிக்கு அடியில் போனார். நட்டில் ஸ்பானரைப் போட்டு முறுக்கினார். ஒரு திருகு. ஒன்றரை. குழாய் கிறீச் என்று ஒரு சத்தம் போட்டது. எலி மிதிபட்ட மாதிரி. எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"ஏறிருச்சு" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். அழுத்தக் கடிகாரம் நன்றாகக் காட்டியது. தன் வெள்ளைக் கைக்குட்டையைக் குழாயின் கழுத்தில் சுற்றி வைத்து, பத்து நிமிஷம் ஓடவிட்டு எடுத்தார். கறை இல்லை. நாலு மணிக்கு எஸ்டேட்காரர் வந்தார். வண்டிக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்துப் போனார்.

அன்றைக்கு ஏன் வேண்டாம் என்று சொன்னேன்? இதுதான் எனக்குத் தெரியவில்லை. நான் பெரிய பக்திமான் இல்லை. கோயிலுக்குப் போவதும் என் வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போனால்தான். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று சொன்னேனா? வேதக்காரர் ஒருவர் பூஜைச் சாமானைத் தொட்டால் தகராறு வரும், அவருக்குத்தான் கெட்ட பேர் என்று அவருக்காகச் சொன்னேனா? அல்லது மூன்றாவது தடவையாக என் குழாயை எடுத்து அவர் தட்டப்போகிறார், வெள்ளைச்சாமி மறுபடி அடுப்பூதி என்பான் என்ற எரிச்சலில் சொன்னேனா? ஒருநாள் ஒன்று சரியாகத் தோன்றுகிறது. மறுநாள் வேறொன்று.

எனக்கு அவர் மேலும் கோபம் உண்டு. மறைக்கவில்லை. அவருக்கு வாய் இல்லையா? வண்டி இன்றைக்குத் தர முடியாது என்று எஸ்டேட்காரரிடம் சொல்லியிருக்கலாம். நான் யார் அவரைத் தடுக்க? என் ஸ்பானர் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர், தான் போட்ட சட்டத்தை ஒன்றரைத் திருகில் முறித்துவிட்டுப் பொரி முடிச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாமி குத்தம் வந்துவிடக் கூடாது என்று எங்களுக்காக முறித்தாரா? அப்படியானால் நாங்கள் கேட்கவில்லையே. நான் ஒருவன்தான் சொன்னேன்.

வண்டி விஜயதசமியன்று உசிலம்பட்டி தாண்டி நின்றுபோயிற்று. கழுத்தில் கீறல் விட்டிருக்கிறது. எண்ணெய் முழுக்க ரோட்டில் போயிருக்கிறது. எஸ்டேட்காரர் அழுத்தக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வண்டி போன வேகத்தில் யார் பார்ப்பார்கள்? பேரிங் உருகிப் பிஸ்டன் தண்டு உடைந்து எஞ்சினின் பக்கச் சுவரைப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சக்கரம் இறுகி வண்டி புளியமரத்துப் பக்கம் திரும்பியது. மரத்தில் இடிக்கவில்லை. அவர் வெளியே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கொட்டகையை வேறு யாரோ திறந்தார்கள்.

மூன்றாம் நாள் இரட்டை மாட்டு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். சாலமன் கண்ணாடியை விட்டுப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. கீறல் விரலுக்கே தட்டுப்பட்டது. பற்ற வைத்த இடத்துக்குச் சரியாக ஒரு விரல் மேலே, கழுத்தைச் சுற்றி முக்கால் வட்டம்.

எஸ்டேட்காரர் கையில் கட்டோடு வந்து நின்றார். முதலாளி, நான், சாலமன், வெள்ளைச்சாமி எல்லோரும் இருந்தோம்.

"குழாயை யார் மாட்டுனது?"

"நான்" என்றார் சாலமன்.

"செஞ்சது யாரு?"

 முதலாளி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். திறந்தது நன்றாக நினைவிருக்கிறது. சத்தம் வரவில்லை.

"செஞ்சது யாரா இருந்தா என்ன சார்? மாட்டினவன்தான் பொறுப்பு" என்றார் சாலமன்.

எஸ்டேட்காரர் கத்தவில்லை. முதலாளியிடம், "இந்த ஆள் இருக்கிற பட்டறைக்கு என் வண்டி வராது, எனக்குத் தெரிஞ்சவங்க வண்டியும் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி மாசக் கடைசியில் சாலமனை அனுப்பிவிட்டார். பூஜையன்று நடந்ததைப் பற்றி முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டவர்தானே? நானும் பேசவில்லை. அடுத்த மாதம் போர்மன் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. அது காரணமா, அதை நான் காரணமாகச் சொல்லிக்கொள்கிறேனா, அதுவும் தெரியாது.

ஒருநாள் சாப்பிடும்போது வெள்ளைச்சாமி சாதாரணமாகக் கேட்டான்.

"ஏன் மாப்ள, பூஜை அன்னைக்குத் தெற்குவாசல் பாய் பட்டறை தொறந்துதானே இருந்துச்சு? அவுகளுக்கு ஏது பூஜை? ஒரு வெளக்கை இரவல் வாங்கியிருக்கலாம்ல?"

என் கையில் இருந்த சோறு கையிலேயே இருந்தது. "இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா?" என்றேன்.

"அன்னைக்குத் தோணலையே. ஒனக்குத் தோணுச்சா?"

எனக்கும் தோன்றவில்லை. நடந்து போனால் கால் மணி நேரம். சைக்கிளில் போனால் ஐந்து நிமிஷம். அத்தனை பேர் நின்றோம், ஒருவனுக்கும் தோன்றவில்லை. சாலமனுக்கும் தோன்றவில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் தலை கொதிக்கிறது. சாமி, வேதம், மரியாதை என்று நான் என்னென்னவோ யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சைக்கிள் இருந்தது. அவ்வளவுதான்.

சாலமன் பிறகு ஒரு நூல் மில்லில் பிட்டராகச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. சண்டை முடிந்த பிறகு ஒருநாள் மதுரை ஜங்ஷனில் பார்த்தேன். மகளைத் திருநெல்வேலி வண்டியில் ஏற்றிவிட வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. அதே சலவைச் சட்டை. என்னைப் பார்த்ததும், "குருசாமி, எப்படி இருக்க?" என்றார். மிஸ்டர் போடவில்லை. அதனால் கொஞ்சம் தைரியம் வந்தது.

வண்டி போன பிறகு பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். இத்தனை வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"சார், அன்னைக்கு என்கிட்ட ஏன் கேட்டீங்க? நீங்க போர்மன். எடுத்திருக்கலாம்ல?"

"என்னைக்கு?"

"பூஜை அன்னைக்கு. ப்ளோலாம்பை எடுக்கலாமான்னு கேட்டீங்களே."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"உன்கிட்ட நான் எதுக்குப்பா கேக்கணும்? உனக்குப் பின்னாடி முதலாளி நின்னார். பட்டறை அவரோடது, பூஜையும் அவரோடது. அவர்கிட்ட கேட்டேன். அவர் பதில் சொல்றதுக்குள்ள நீ சொல்லிட்ட."



"அவரு எடுன்னு சொல்லியிருப்பாரா சார்?"

"யாருக்குத் தெரியும்? அவர் வாயைத் தொறந்ததைப் பார்த்தேன். நீ சொன்னதும் மூடிக்கிட்டார்."

"அப்ப நீங்க மறுபடி கேட்டிருக்கலாம்ல?"

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஒன்றரைத் திருகு முறுக்கினது நான்தான். நீ இல்லை" என்றார். எழுந்து, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. முதலாளி அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டிருந்தார். என்ன சொல்ல வாயைத் திறந்தார் என்று கேட்க ஆள் இல்லை.

எழுதிப் பார்த்தாயிற்று. விளங்கியிருக்கிறதா என்றால் இல்லை. குழாய் என்னுடையது, முறுக்கு அவருடையது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு வார்த்தையும் என்னுடையது. கேட்காத இடத்தில் சொன்ன வார்த்தை.

சங்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். படத்துக்குக் கீழே எழுதியிருப்பதை அழித்துவிடுங்கள். பெயர் மட்டும் இருக்கட்டும். அவர் பொய்யை விரும்புகிற ஆள் இல்லை. அழித்த பிறகு சொல்லியனுப்புங்கள், நான் வந்து மாலை போடுகிறேன். அதற்கு முன்னால் கூப்பிட்டால் வர மாட்டேன்.

இன்னொன்று. நான் போர்மனாக இருந்த காலம் முழுக்க, ஆயுத பூஜையன்று ஒரு ப்ளோலாம்பையும் இரண்டு ஸ்பானரையும் பூஜையில் வைக்காமல் கொல்லைக் கொட்டகையில் சாக்குக்குக் கீழே வைத்திருந்தேன். போர்மன் வேதத்தில் சேர்ந்துவிட்டார் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். என் வீட்டுக்காரி காதுவரை போய் வீட்டில் சண்டையும் வந்தது. அடுத்த வருஷமும் அங்கேயே வைத்தேன். அந்த விளக்கு ஒரு வருஷம்கூடத் தேவைப்படவில்லை. இருந்தாலும் வருகிற பூஜைக்கு நீங்களும் ஒன்றை வெளியே வைத்துவிடுங்கள். ஏன் என்று கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.